கூண்டு ஏறும் முன்னே

ஐப்பசி பிறந்ததும் எங்கள் வீட்டில் முதலில் அரிவாள் படுவது முருங்கை மேல்தான். காய்க்கிற மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதைப் பார்த்து வெளியூர்ச் சொந்தங்கள் உச்சுக்கொட்டுவார்கள். காற்றில் முருங்கைக் கொம்பு ஒடியுமா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. விழுவது ஓட்டின் மேலா, கரண்டுக் கம்பியின் மேலா என்பதுதான் கேள்வி. தை, மாசியில் அது மறுபடி தழைத்துக்கொள்ளும். தென்னையில் காய்ந்த மட்டை, முற்றிய காய் எல்லாவற்றையும் அதே வாரத்தில் இறக்கிவிடுவோம். புயல் செய்தி டிவியில் ஓட ஆரம்பித்துவிட்டால் மரம் ஏற ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி இரட்டிப்பு.

நாங்கள் இருப்பது ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கூப்பிடு தூரம். வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். எனக்கு வீட்டைச் சுற்றி மல்லிகை நாற்று. வீட்டில் அவருடைய அப்பத்தா, அத்தை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். பேரிடர் நோட்டீசில் டார்ச், மெழுகுவர்த்தி, பிஸ்கட் என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். தப்பில்லை, வேண்டியதுதான். ஆனால் புயல் அடிப்பது ஒரு ராத்திரி. அதற்குப் பிறகு கரண்டும் தண்ணீரும் இல்லாமல் கிடக்கிற நாட்கள்தான் குடும்பத்தை அலைக்கழிக்கும். எங்கள் ஆயத்தத்தில் முக்கால்வாசி அந்த நாட்களுக்கானது.

முதலில் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் கூண்டு ஏறியதும் போன் மேல் போன் வரும். "ஆறாம் நம்பராம் மதினி, அஞ்சை விட மோசமாம்" என்பார்கள். எண் ஏற ஏற ஆபத்தும் ஒவ்வொரு படியாக ஏறுகிறது என்று பாதிப் பேருக்கு நினைப்பு. 1, 2 என்றால் புயல் தூரக்கடலில் இருக்கிறது. 3, 4 துறைமுகத்துக்கான உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே தரம், அபாயம். 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். அந்த மூன்றுக்குள் உள்ள வித்தியாசம் பக்கத்தைப் பொறுத்தது. புயல் போகிற பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 5 அல்லது 8, வலப்புறம் இருந்தால் 6 அல்லது 9, நேர் மேலேயோ மிக அருகிலோ வந்தால் 7 அல்லது 10. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள்.

தீவில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கக் கணக்கு முக்கியம். கிழக்கிலிருந்து மேற்கே போகிற புயலுக்கு நாம் இடப்புறம் என்றால் அது நமக்கு வடக்கே கரை கடக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறிய கஜா அப்படித்தான் போனது. அப்படிப் போகும்போது காற்று மேற்குக்கும் தென்மேற்குக்கும் திரும்பும். வடகடல் கரையை விட்டு விலகிப் படகுகள் தரைதட்டும், தென்கடல் கரையில் அலை ஏறும். புயல் நமக்குத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் வாடையும் கொண்டலும் சேர்ந்து வடகடலைத் தள்ளிக்கொண்டு வரும். அப்போது எங்கள் தெருவுக்குத்தான் கவலை. 2020 டிசம்பரில் புரெவி திரிகோணமலைப் பக்கம் ஏறி, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, ராமநாதபுரம் கரைக்கு அருகில் நகராமல் நின்றுகொண்டது. பெயருக்கு வலு குறைந்துவிட்டது என்றார்கள், மழை விடவில்லை. நகராத புயலை நம்பவே கூடாது என்று வீட்டுக்காரர் இப்போதும் சொல்வார்.

ஆகவே கூண்டு எண்ணோடு புயல் வடக்கா, தெற்கா என்பதையும் கேட்டுக்கொள்வோம். நேர் மேலே வருகிற புயலில் இன்னொன்று உண்டு. காற்று பொசுக்கென்று அடங்கி வானம்கூட வெளுக்கும். முடிந்துவிட்டது என்று கூரையைப் பார்க்க வெளியே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

அப்பத்தா 1964 டிசம்பர் 22-ஐப் பார்த்த மனுஷி. அப்போது அவருக்குக் கல்யாணமான புதுசு. தனுஷ்கோடியில் இல்லை, இங்கேதான் இருந்தார். அந்த ராத்திரி பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதும், பாம்பன் பாலம் சிதைந்ததும், தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் ஆனதும் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அவர் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. "ராத்திரி வந்துச்சு தாயி. பகல்ல வந்திருந்தா ஓடியிருப்பாக." எங்கள் வீட்டு விதி இதிலிருந்து வந்தது. போவதாக இருந்தால் விளக்கு வைக்கும் முன் போக வேண்டும். இருட்டிய பிறகு "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்ற பேச்சே கிடையாது.

தீவுக்காரர்களுக்கு இதில் கூடுதல் நெருக்கடி. மண்டபம் பக்கம் போக இருப்பது ஒரே ரோட்டுப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் திறந்த கடல். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ரயிலுக்கே அந்தக் கதி என்றால், பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உச்சிப்புளியிலோ ராமநாதபுரத்திலோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் காற்று எழும்புவதற்கு முந்தின நாளே போய்விட வேண்டும். தவறினால் தீவிலேயே பள்ளிக்கூடமோ பாதுகாப்பு மையமோதான்.

அந்த மையத்தை மழைக்கு முன்னாலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. இதை எந்த நோட்டீசும் சொல்வதில்லை. சாவி யாரிடம் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாடிக்கு அப்பத்தா ஏற முடியுமா என்று பார்க்க வேண்டும். பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கழிப்பறை என்று அதிகாரிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். எங்கள் மூட்டையில் ஒரு வாளி, கப், நாப்கின், மாற்று நைட்டி, ஒரு பழைய சேலை எப்போதும் உண்டு. சேலை மறைப்புக்கும் ஆகும், விரிப்புக்கும் ஆகும்.

அப்பத்தாவைக் கிளப்புவது தனிப் போராட்டம். ஆடு இருக்கிறதே என்பார்.

"நீங்க போங்க, நான் ஆட்டோட கெடக்கேன்."

"ஆட்டை அவுத்து விட்ருவோம் அப்பத்தா, மேட்டுக்குத் தானா போயிரும்."

"எவனாவது புடிச்சிட்டுப் போயிருவான்."

இப்போது ஆட்டின் கழுத்துப் பட்டையில் எங்கள் போன் நம்பரைப் பெயிண்டில் எழுதிவிடுகிறோம். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் செருப்பைத் தேடுவார். கட்டிப்போட்ட ஆடும் மாடும் நின்ற இடத்திலேயே சாகும். கயிற்றை அவிழ்த்து விடுவது ஒன்றுதான் அவற்றுக்கு நாம் செய்யக்கூடியது.

இனி வீடு. எங்களுக்கு முன்கட்டு தளம், பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, அடியிலிருந்து தூக்கும். அதனால் ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணிகளை வருசா வருசம் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் ஆணியின் தலை முழுசாக இருக்கும், வாஷருக்குக் கீழே நூலாக அரித்திருக்கும். சுண்டிப் பார்த்து ஆட்டம் கண்டால் மாற்றிவிடுகிறோம். மேலே மணல் மூட்டை வைக்கிறவர்கள் சட்டம் ஓடுகிற இடம் பார்த்து வைக்க வேண்டும், நடு ஷீட்டில் வைத்தால் ஷீட் பிளந்துவிடும். ஓட்டு வீட்டுக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் கடற்கரை வைத்தியம் பழைய வலை. கூரை முழுக்க விரித்து, நாலு மூலையும் தரையில் அடித்த கட்டையில் இழுத்துக் கட்டினால் ஓடு பறக்காது. வலை காற்றை எதிர்க்காமல் கண்ணிகளின் வழியே விட்டுவிடும், தார்ப்பாய் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு கூரையையும் சேர்த்துத் தூக்கும். தார்ப்பாயை மழை விட்ட பிறகு ஒழுகுகிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மொட்டை மாடி பிளாஸ்டிக் டேங்கைப் புயலுக்கு முன் விளிம்பு வரை நிரப்பிவிடுங்கள். காலி டேங்க் பறக்கும். நிரம்பிய டேங்க் அசையாது, கரண்டு போன பிறகு அந்தத் தண்ணீரும் உதவும்.

வெள்ளம் வேறு பாடம். 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவும் இல்லை. பட்டப்பகலில் மேகம் வெடித்த மாதிரி கொட்டி, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. இந்தத் தீவு மணல். எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் ரோட்டைப் பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, இப்போது தெருவில் பாதி வீடுகள் ரோட்டை விடப் பள்ளத்தில் இருக்கின்றன. அன்று வாசல் வழியாகத் தண்ணீர் வரும் என்று நிலைப்படியில் மணல் மூட்டை போட்டுக் காத்திருந்தோம். முதலில் வந்தது பாத்ரூம் ஓட்டை வழியாக. செப்டிக் டேங்க் நிரம்பி எதிர்த்துக்கொண்டு வந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

அதற்குப் பிறகு பாத்ரூம், அடுப்படி, கழிப்பறை என்று எல்லா ஓட்டைக்கும் மணல் நிரப்பிய சின்னப் பைகள் தைத்து வைத்திருக்கிறோம், பிளாஸ்டிக் கவரில் சுற்றி அமுக்கினால் அடைத்துக்கொள்ளும். தரைக்கடித் தொட்டி இருப்பவர்கள் மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசுங்கள். ஒரு குடம் சாக்கடை உள்ளே போனால் தொட்டித் தண்ணீர் முழுவதும் வீண். பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் ஐப்பசியிலிருந்து தை வரை ஹாலோ பிளாக் கல்லின் மேல்தான் நிற்கும், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையில் வைத்திருக்கிறவர்கள் இன்றே பெஞ்ச் மேல் ஏற்றுங்கள். தண்ணீர் வாசல்படியைத் தொடும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பிளக் பாயிண்ட் மட்டத்துக்கு ஏறும் வரை காத்திருந்தால், அணைக்கத் தண்ணீருக்குள் நடந்து போக வேண்டிவரும்.

கேஸ் சிலிண்டரைப் பலர் மறந்துவிடுவார்கள். 14.2 கிலோ சிலிண்டர் முழுசாக இருந்தாலும் தண்ணீரில் மிதக்கும். மிதந்து சாய்ந்தால் டியூப்பை இழுத்துக்கொண்டு போகும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவது ஐந்து நிமிச வேலை.

குடிதண்ணீருக்கு வருவோம். நம் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் அவ்வளவு தூரத்திலிருந்து பம்ப் செய்து வருகிறது. வழியில் எங்கே கரண்டு போனாலும், எங்கே குழாய் உடைந்தாலும் நம் தெருக் குழாய் காற்றைத்தான் ஊதும். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் என்று கணக்குப் போட்டு, ஒரு வாரத்துக்கு மூடி போட்ட டிரம்மில் பிடித்து வைக்கிறோம். புழக்கத்துக்கு எங்கள் மணல் கிணறு. வாளியும் கயிறும் தயாராக இருக்கும், ஏனென்றால் மோட்டார் இருக்கும், கரண்டு இருக்காது. கிணற்றுக்குள் வெள்ளமோ கடல் தண்ணீரோ இறங்கிவிட்டால் வாய் ருசியில் உப்பு இல்லையே என்று குடித்துவிடக் கூடாது. இறைத்துக் கொட்டிவிட்டு, சுகாதாரத் துறையிலிருந்து பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம். பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அதுவும் தீர்ந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி அளந்து.

சாப்பாட்டுக்குத் தனியாக எதையும் வாங்கிக் குவிப்பதில்லை. அவல், பொரிகடலை, வெல்லம், புளிக்காய்ச்சல், கருவாடு. பிரிட்ஜை நம்பாத சாமான்கள் எல்லாம் நம் ஊர்ச் சமையலில் ஏற்கெனவே இருக்கின்றன. பனை மட்டையும் தென்னம்பாளையும் ஒரு கட்டு மழை படாமல் பரணில் கிடக்கும், கேஸ் தீர்ந்தால் மூன்று கல் வைத்து ஏற்றிவிடலாம். கையில் சில்லறையாகப் பணம் வேண்டும். கரண்டு போனால் ஏ.டி.எம். போகும், டவர் போனால் ஜிபே போகும், கடைக்காரர் 500 ரூபாய்க்குச் சில்லறை தரமாட்டார்.

அத்தைக்கு சுகர், ஊசி போடுகிறார். பிரிட்ஜ் இல்லாத நாட்களில் இன்சுலினை என்ன செய்வது என்று ஆரம்பச் சுகாதார நிலைய நர்சிடம் கேட்டேன். பிரித்துப் பயன்பாட்டில் இருக்கும் புட்டி பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே 4 வாரம் வரை தாங்கும், அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிரிக்காத புட்டிக்கு மண் சட்டிக்குள் சட்டி, நடுவே ஈர மணல், மேலே ஈரத் துணி. மழை நாளின் ஈரக்காற்றில் பெரிதாகக் குளிராது, ஆனாலும் தகரக் கூரையின் சூட்டிலிருந்து காப்பாற்றும். புட்டியைக் கவரில் கட்டித்தான் உள்ளே வைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை, ஊசி எல்லாம் கார்த்திகைக்கு முன் ஒரு மாதத்துக்குக் கையிருப்பு. வீட்டில் நிறைமாசப் பெண் இருந்தால் அவளைத் தீவில் வைத்துக்கொண்டு கூண்டைப் பார்த்திருக்கக் கூடாது. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

படகைப் பற்றி வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும், அவர் எழுதமாட்டார். மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் தருவதை நிறுத்தினால் வாதாடாமல் வலையைக் கரையேற்றிவிடுவதும், எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவதும் வழக்கம். பைபர் வள்ளத்தை மணலில் முடிந்த மட்டும் மேலே இழுத்து, தண்ணீர் வெளியேறும் அடைப்பானைப் பிடுங்கிவிட வேண்டும். மழைத்தண்ணீர் தேங்கினால் பாரத்தில் பைபர் விரியும். நங்கூரத்தில் நிற்கிற படகுகளுக்கு அலையை விடப் பக்கத்துப் படகுதான் எமன். இடையே பழைய டயர் கட்டாமல் நெருக்கி நிறுத்தினால் ஒன்றையொன்று இடித்து இரண்டும் போகும்.

என் நாற்றுகளுக்கு ஒரே வழி, வாடைக்கு முன் விற்றுத் தீர்ப்பது. மீந்ததைக் கூடை கூடையாகச் சுவர் ஓரம் மேட்டில் சாய்த்து அடுக்குவேன். நட்டாற்றில் விட்டது போல வெட்டவெளியில் பரப்பி வைத்தால், தண்ணீர் நின்று வேர் அழுகி, பொங்கலுக்கு விற்க ஒன்றும் மிஞ்சாது.

சேதிக்கு இரண்டு வழி வைத்திருக்கிறோம். போனில் அரசாங்கத்தின் டி.என். அலர்ட் செயலி, செல் போட்ட ஒரு பழைய ரேடியோ. வாட்ஸ்அப்பில் வருகிற "கடல் உள்வாங்கியது" வீடியோவில் பாதி வேறு ஊர், வேறு வருசம். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் நம்பர்கள் எழுதி ஒட்டியிருக்கிறது, அப்பத்தாவும் படிக்கிற மாதிரி: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. கரண்டுக் கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. அறுந்த கம்பி செத்துக் கிடக்கிறது என்று எந்தத் தைரியசாலி சொன்னாலும் பக்கத்தில் போகாதீர்கள். பக்கத்து வீட்டில் யாராவது ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் புகை கொன்றுவிடும் என்று சத்தம் போட்டாவது வெளியே வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த வீட்டில் முதலில் நுழைகிறவர் கையில் கம்பு வேண்டும். அரிசி மூட்டைக்கு அடியில், மடித்து வைத்த பாயில், ஷூவுக்குள் விரியன் சுருண்டு கிடக்கும்.

கடைசியாகக் காகிதங்கள். பட்டா, ரேஷன் கார்டு, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று, பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஜிப் கவரில் போட்டு, அகலவாய் பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி, கைப்பிடியில் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துச் சென்னையில் இருக்கிற கொழுந்தனுக்கும் அனுப்பியாகிவிட்டது. ஐப்பசியிலேயே வீட்டை நாலு பக்கமும், கூரையை, படகை அதன் பதிவு எண் தெரிய, எஞ்சினை எஞ்சின் எண் தெரியப் படம் எடுத்து வைக்கிறோம். நிவாரணக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வருவதற்குள் கூரையைச் சரிசெய்யாமல் யாரும் நனைந்துகொண்டிருக்க முடியாது. சரிசெய்த கூரையைக் காட்டி "இது உடைந்திருந்தது" என்றால் எழுதிக்கொள்ளவும் மாட்டார். உடைந்த ஷீட்டைக் குப்பையில் போடாமல் கொல்லையில் அடுக்கி வையுங்கள். மாற்றும் முன்னும் பின்னும் படம் எடுத்து, புது ஷீட் வாங்கிய பில்லையும் அதே டப்பாவில் போட்டுவிடுங்கள். அவர் வந்து போன பிறகு மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு.